தேமல் பிடித்த மலை

"அம்மா, மரத்துக்கெல்லாம் தேமல் வந்திருக்கு. நீங்க மட்டும் உத்தரவு கொடுங்க, மலை முழுக்கத் தூபம் போட்டுக் குணமாக்கிருதேன்."

அம்மாவின் மௌன விரதம் அன்று காலையில்தான் முடிந்திருந்தது. பதில் சொல்ல வாயைத் திறந்தார். இருமல் வந்தது.

காளிராஜ் கைகட்டி நின்று அந்த இருமலையும் பயபக்தியோடு கேட்டுக்கொண்டார்.

அம்மாவின் பெயர் குழல்வாய்மொழி. கல்லூரியில் தாவரவியல் நடத்திக்கொண்டிருந்தவர், ஒரு நாள் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டுத் துறவியாக மலையேறிவிட்டார். காளிராஜ் பட்டாசுத் தொழிற்சாலையில் மருந்து கலந்தே காலத்தைக் கழித்தவர். வயதில் சீடர்தான் மூத்தவர். ஆகவே சீடர் குருவை அம்மா என்பார், குரு சீடரை அண்ணாச்சி என்பார்.

காளிராஜ் நல்ல மனிதர். ஒரே ஒரு கஷ்டம். குரு எதைச் செய்தாலும் அதில் ஓர் உட்பொருள் உண்டு என்று நம்பினார். அம்மா கொட்டாவி விட்டால்கூட அதை வைத்து ஒரு வாரம் தியானம் செய்வார். இப்படி ஓர் ஆளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நான்கு மாதம் மௌனம் இருந்தது அம்மாவின் தப்பு. வேறென்ன சொல்ல?

மௌனத்துக்குக் கொசு இடைஞ்சலாக இருக்கக் கூடாது என்று காளிராஜ்தான் அம்மாவின் வாசலில் தூபச்சட்டி வைத்தார். சாம்பிராணி, வேப்பிலை, கூடவே ஒரு சிட்டிகை கந்தகம். கந்தகம் அவருக்குப் பழகிய சாமான். அதன் நெடி அவர் மூக்குக்கு எட்டியே பல வருஷமாகிறது.

அம்மாவுக்கு இருமல் பிடித்தது. புகையை விலக்கக் கையை வீசினார். விசிறச் சொல்கிறார் என்று காளிராஜ் விசிறி எடுத்து வந்தார்.

அடைமழைக்கு முன்னால் இருமல் நிற்காவிட்டால் அம்மா மலையை விட்டு இறங்கிவிட வேண்டும் என்று கீழேயிருந்து வந்த டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து காளிராஜுக்குச் சோறு இறங்கவில்லை. பாவம், புகை கூடினால் இருமல் போகும் என்று கந்தகச் சிட்டிகையைப் பிடியாக்கினார்.

இன்றைக்கு விசேஷ நாள் என்று சட்டி காலையிலேயே புகைந்துகொண்டிருந்தது.

"அண்ணாச்சி, முதல்ல அதை அணைங்க."

"அகங்காரத்தையாம்மா?"

"சட்டியை!"

காளிராஜ் கண்களை மூடிக்கொண்டார். "சட்டிங்கிறது இந்த உடம்பு. உள்ள புகையிறது ஆசை. புரியுதும்மா."

அம்மா தலையில் கை வைத்தார்.

காளிராஜும் தன் தலையில் கை வைத்துக்கொண்டார்.

இது சொல்லி ஆகிற காரியமில்லை. அம்மா எழுந்தார். "நீங்க குணமாக்கின மரத்தைக் காட்டுங்க."

காளிராஜ் குடிசை வாசலில் ஒரு வேங்கை மரம். பட்டை துடைத்துவிட்ட மாதிரி இருந்தது.

"பாத்தீங்களா? நான் வந்த புதுசுல இது பாக்கச் சகிக்காது. உடம்பெல்லாம் திட்டுத் திட்டா வெள்ளையும் பச்சையும். வந்த நாள்லேருந்து இங்க தூபம் போடுதேன். இப்ப ஒரு பொட்டு இல்ல!"

அம்மா இருமினார். "நடங்க."

ஓடைப் பக்கமாக நடந்தார்கள். சற்றுத் தள்ளி ஒரு மரம். அதன் பட்டையில் கோலமாவு சிந்திக் காய்ந்ததுபோல் மெல்லிய படிவு.

"லேசா இருக்கு. புகை இங்க சரியா எட்டல" என்றார் காளிராஜ்.

"நடங்க."

அடுத்த மரங்களில் அப்பளம் ஒட்டியதுபோல் பெரிய பெரிய திட்டுகள். காளிராஜ் உச்சுக்கொட்டினார். ஓடைக்கரைக்கு வந்தபோது அவருக்குத் திக்கென்றது. கிளைக்குக் கிளை சாம்பல் நிறத்தில் தாடி தொங்கியது.

"ஐயோ, இது முத்திப்போச்சும்மா!"

அம்மா பாறைமேல் உட்கார்ந்தார். நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தார். மெல்ல விட்டார். மறுபடியும் இழுத்தார்.

காளிராஜ் அவரையே பார்த்தார். "அம்மா, நீங்க இருமவே இல்லையே!"

"ஆமா."

"அங்க இருமினீங்க. இங்க இருமல."

"யோசிங்க."

யோசித்தார். முகம் பளிச்சென்றது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பாய்ந்து போய்க் கிளையிலிருந்த தாடியைப் பற்றினார். "இதுதான் மருந்து! கறிக்குழம்புக்குப் போடுத கல்பாசி ஜாதிதானே இது? இன்னைக்கே கஷாயம் வச்சுத் தாரேன்!"

"கையை எடுங்க!"

நான்கு மாதம் சேர்த்துவைத்த குரல் மொத்தமும் அதில் வந்தது. மரத்திலிருந்த குரங்கு ஒன்று இறங்கி ஓடியது.

"அது நோயும் இல்ல, என் இருமலுக்கு மருந்தும் இல்ல. லைக்கன்னு பேரு. அது ஒரு குடித்தனம். பூஞ்சை வீடு கட்டும். பாசி அதுக்குள்ள இருந்து வெயில்ல சமைக்கும்."

"இதுல குரு யாரு, சீடன் யாரும்மா?"

"ரெண்டும் பேசாது. ஒண்ணு செய்யிறதுக்கு இன்னொண்ணு அர்த்தமும் தேடாது. அதான் குடித்தனம் நல்லா நடக்குது."

காளிராஜ் கிளையை மெதுவாக விட்டார். "மரத்தை உறிஞ்சுதோ?"

"மரத்துல சும்மா ஒட்டியிருக்கு. வேரே கிடையாது. சோறு தண்ணி எல்லாம் காத்துலயும் மழையிலயும் வர்றதுதான். சாத்துறதுக்கு ஒரு கதவு கிடையாது. காத்து கெட்டா, கெட்டதும் உள்ள போகும். வெளிய தள்ளத் தெரியாது. செத்துப்போகும்."

"எந்தக் கெட்டதும்மா?"

"பல கெட்டது இருக்கு. அதுல ரொம்ப மோசமானது கந்தகப் புகை."

காளிராஜ் வந்த வழியைத் திரும்பிப் பார்த்தார். தாடி. அப்பளம். கோலமாவு. அதற்கப்புறம் அவர் வீட்டு வேங்கை, துடைத்துவிட்ட மாதிரி.

"என் வாசல்ல இருந்தது குணமாகலையா?"

"இல்ல."

"உங்க வாசல் நாவல் மரத்துல, போன மாசத்துலேருந்து திட்டெல்லாம் வெளுத்துட்டு வருது. குணமாகுதுன்னு சந்தோசப்பட்டேனே."

அம்மா தன் நெஞ்சைத் தடவிக்கொண்டார்.

அந்தப் பெரிய மனிதர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "உங்களைக் காப்பாத்துறதா நினைச்சு... தினமும் நானே என் கையால..."

பிறகு எழுந்து ஓடினார். அந்த வயதில் அப்படி ஓடக் கூடாது. அம்மாவின் வாசலில் இருந்த சட்டியில் ஒரு குடம் தண்ணீரைக் கவிழ்த்தார். தன் வாசல் சட்டியிலும் கவிழ்த்தார். மூச்சு வாங்கத் திரும்பி வந்து, பாறைக்கு எதிரே கைகட்டி நின்றார்.

"அணைச்சிட்டேன். ரெண்டையும்."

"நல்லது."

"இனி மலையை விட்டு இறங்க மாட்டீங்கள்ல?"

"இந்தக் காத்து கிடைச்சா எதுக்கு இறங்கணும்?"

காளிராஜ் முகத்தைத் துடைத்துக்கொண்டார். போவதாகத் தெரியவில்லை.

"என்ன அண்ணாச்சி?"

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும். ஆவணியில ஒரு சாயங்காலம். நான் சட்டியை வச்சிட்டு நிமிர்ந்தேன். நீங்க ரெண்டு கையையும் நெஞ்சுல வச்சுக்கிட்டு என்னையே பாத்தீங்க. கண்ணுல தாரை தாரையா தண்ணி. இந்தப் பாவிக்கும் குருவோட அருள் கிடைச்சிருச்சேன்னு விடிய விடிய அழுதேம்மா. அது..."

அம்மா அவரைப் பார்த்தார். ஒரு பொய் சொன்னால் என்ன என்று அவர் யோசித்தது முகத்திலேயே தெரிந்தது.

"புகை, அண்ணாச்சி."