இடது ஓரத்துக்கு ஒருவன்

“ஆளைத் தேர்ந்தெடுக்கிறவனுக்கு இருக்கிற ரெண்டு கண்ணும் ஒரே வேலையைச் செய்யக் கூடாது. ஒண்ணு...”

கிளீட்டஸ் மாஸ்டர் ஏதோ ஒரு பரிசளிப்பு விழாவில் இப்படிப் பேசினார். அந்த ஒரு கண் என்ன செய்ய வேண்டும், மற்றது என்ன செய்ய வேண்டும் என்பது ஆன்றோவுக்கு நினைவில் நிற்கவில்லை.

இறுதி ஆட்டத்தன்று மைதானத்துக்கு முன்னதாகவே வந்து, அவரிடமே கேட்டான்.

“அப்படியா சொன்னேன்?” என்றார் மாஸ்டர். “அன்னைக்கு மைக் நல்லா வேலை செஞ்சிருக்கும். அதான் கூடக் கொஞ்சம் பேசியிருக்கேன்.”

எல்லைக் கோட்டுக்கு வெளியே, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் குடையோடு உட்கார்ந்திருந்தார். மடியில் வறுத்த கடலைப் பொட்டலம். ஓய்வு பெற்ற பிறகும் இறுதி ஆட்டத்துக்கு வராமல் இருந்ததில்லை. ஆன்றோவுக்குப் பந்தை நிறுத்தச் சொல்லிக் கொடுத்தவர் அவர்தான்.

ஆன்றோ பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டான்.

“மாஸ்டர், நான் ஒரு முடிவெடுத்துட்டேன். நீங்க சரின்னு சொன்னாப் போதும்.”

“சரி.”

“என்னன்னு கேக்கலையே?”

“சரின்னு சொன்னாப் போதும்னு நீதானேடே சொன்ன?”

ஆன்றோ சிரிக்கவில்லை.

அந்தப் பல்கலைக்கழகத்தில் ஒரு வழக்கம் இருந்தது. கல்லூரிகளுக்கு இடையிலான ஆண்கள் கால்பந்துப் போட்டி முடிந்ததும், முதலாண்டு மாணவர்களில் சிறந்த பதினொரு பேரை மைக்கில் அறிவிப்பார்கள். தேர்வாளர்கள் மூன்று பேர். பெரும்பாலான இடங்களுக்குக் கூடிப் பேசி ஆள் சொல்வார்கள். ஆனால் ஒரு தேர்வாளர் தன் காலத்தில் எந்த இடத்தில் ஆடினாரோ, அந்த இடத்துக்கு அவர் மட்டுமே ஆள் சொல்ல வேண்டும். மற்ற இருவரும் வாய் திறக்கக் கூடாது.

ஆன்றோ தன் காலத்தில் லெஃப்ட் பேக். கோலுக்கு முன்னால் இடது ஓரத்தைக் காப்பவன்.

இந்த ஆண்டுதான் முதல் முறையாக அவனைத் தேர்வாளராகக் கூப்பிட்டிருந்தார்கள்.

“பத்துப் பேர் ஆயாச்சு. லெஃப்ட் பேக்குக்கு மட்டும் ரெண்டு பேர் வந்து நிக்கானுவ” என்றான். “ஒருத்தன் சுபின். இன்னொருத்தன் ஜெரின்.”

“எந்த ஜெரின்?”

“என்ன மாஸ்டர்... என் மகன்.”

“ஓ.”

“ஜெரினை விட்டுருதேன். அவன் பேரைச் சொன்னா ஊரு சும்மா இருக்குமா? அப்பன் மைக்கைப் பிடிச்சான், மகன் பேரு வந்துதுன்னு சிரிப்பானுவ.”

மாஸ்டர் ஒரு கடலையை உடைத்தார்.

“மகன்கிட்ட சொல்லிட்டியா?”

“நேத்தே சொல்லிட்டேன். உன் பேரு வராதுடே, எதிர்பாக்காதேன்னு.”

“அவன் என்ன சொன்னான்?”

“பூட்ஸைக் கழுவி வெயில்ல வச்சான்.”

ஆன்றோவே தொடர்ந்தான்.

“அவன் அம்மைகிட்ட மட்டும் சொல்லியிருக்கான். இதுதான் கடைசி ஆட்டம், அடுத்த வருஷம் டீமுக்குப் போகலன்னு.”

மாஸ்டர் உடைத்த கடலையைத் தின்னாமல் கையில் வைத்திருந்தார்.

“ஜெரின் எப்படி ஆடுவான்?”

“வலது காலு சரியா வராது. திரும்புறதுக்கு நேரம் எடுப்பான். தலையால முட்டும்போது கண்ணை மூடுவான். வாயே திறக்க மாட்டான், லெஃப்ட் பேக்னா கத்தணும் மாஸ்டர், இவன் ஊமை மாதிரி நிப்பான்.”

“சுபின்?”

“ரெண்டு கோல் அடிச்சிருக்கான்.”

“அப்புறம்?”

“நல்ல வேகம்.”

“அப்புறம்?”

ஆன்றோ யோசித்தான்.

“கடலை தின்னு” என்றார் மாஸ்டர்.

இரண்டு கல்லூரி அணிகளும் மைதானத்தில் இறங்கின. ஒன்றில் சுபின். மற்றதில் ஜெரின். மாஸ்டர் நாற்காலி போட்டிருந்த இடத்துக்கு நேர் எதிரே சுபின் வந்து நின்றான். ஜெரின் எங்கோ தூரத்து மூலையில்.

மாஸ்டர் சுபினைக் காட்டினார்.

“இவன் உன் மகன்.”

“மாஸ்டர்?”

“காலையில உன் வீட்டுலதான் புட்டு தின்னுட்டு வந்தான். பாரு.”

“வெளையாடாதீங்க மாஸ்டர்.”

“வெளையாடுறது அவன். நீ பாரு. உன் மகன் பேரு என்ன?”

ஆன்றோ மெல்ல, “சுபின்” என்றான்.

“பெத்தவனுக்கு இவ்வளவுதான் சத்தமா?”

“சுபின்!”

பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மாஸ்டர் ஒன்றும் தெரியாதவர்போல் குடையைச் சாய்த்துக்கொண்டார்.

ஆன்றோ பார்த்தான்.

முதலில் வேகம் மட்டும் தெரிந்தது. பிறகு மற்றவை தெரிந்தன. சுபின் பந்தோடு முன்னால் பறந்தான். பந்து பறிபோனால் அங்கேயே இடுப்பில் கை வைத்து நின்றான். அவன் விட்டுப்போன இடத்துக்கு நடுக்காவல்காரன் ஓடி வந்து ஓடி வந்து மூச்சு வாங்கினான். மறுபடியும் பந்து வந்தது. மறுபடியும் பறந்தான். மறுபடியும் நின்றான்.

ஆன்றோ நாற்காலியை விட்டு எழுந்துவிட்டான்.

“சுபினே! முன்னால போனவன் திரும்பி வரணும்லே! பின்னால பாரு!”

சுபின் சட்டென்று திரும்பினான். யார் கத்தியது என்று தேடினான். பிறகு தன் இடத்துக்கு ஓடி வந்தான்.

“நல்லாத் திட்டுத” என்றார் மாஸ்டர்.

இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் சுபின் எதிரணியின் எல்லைக்குள் புகுந்து, சாய்ந்து விழுந்தபடியே ஒரு கோல் அடித்தான். மைதானமே எழுந்தது. ஆன்றோவும் எழுந்தான். உள்ளங்கை சிவக்கக் கைதட்டினான்.

தட்டி முடித்த பிறகுதான் கோல் வாங்கியது யாருடைய அணி என்று உறைத்தது.

“ஜெரினுக்கு இப்படித் தட்டியிருக்கியா?” என்று மாஸ்டர் கேட்டார்.

“அவன் கோல் அடிச்சதில்லையே மாஸ்டர்.”

“நான் கேட்டது அது இல்ல.”

இடைவேளை முடிந்தது. அணிகள் பக்கம் மாறின. இப்போது அதே இடத்தில், அவர்களுக்கு நேர் எதிரே, ஜெரின் வந்து நின்றான். தகப்பனைப் பார்க்கவில்லை. காலுறையை மேலே இழுத்துவிட்டுக்கொண்டான்.

“இவன் யாரு?” என்றார் மாஸ்டர்.

“ஜெ...”

“எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது. யாரோ பெத்த பிள்ளை. பாரு.”

அது கஷ்டமாக இருந்தது. ஆன்றோவின் கண் வலது காலையே தேடிப் போனது. மாஸ்டர் கடலைப் பொட்டலத்தை அவன் கையில் திணித்தார்.

“வேடிக்கை பாக்க வந்தவன் மாதிரி தின்னுட்டே பாரு.”

ஆன்றோ தின்றுகொண்டே பார்த்தான்.

எதிரணியின் ஓட்டக்காரன் அந்த ஓரமாகப் பந்தைக் கொண்டுவந்தான். அந்தப் பையன் பந்தைப் பறிக்கவில்லை. வழியில் நின்றான், அவ்வளவுதான். ஓட்டக்காரனுக்குப் போக இடமில்லாமல் பந்தைப் பின்னால் தட்டினான். திரும்ப வந்தான். திரும்பவும் இடமில்லை. பிறகு வருவதை விட்டுவிட்டு மைதானத்தின் மறுபக்கம் போய்விட்டான். அவனுக்குப் பதிலாக வேறொருவனை அனுப்பினார்கள். அவனும் கொஞ்ச நேரத்தில் மறுபக்கம் போனான்.

அந்தப் பையன் கத்தவில்லை. முதுகுக்குப் பின்னால் கையை வைத்து விரல்களை அசைத்தான். நடுக்காவல்காரன் அந்த விரல்களைப் பார்த்துத்தான் இடம் மாறிக்கொண்டிருந்தான்.

“மாஸ்டர், அந்தக் கையைப் பாத்தீங்களா?”

“எந்தக் கை?”

“இவன் பேசிக்கிட்டேதான் இருக்கான்.”

“அப்படியா” என்றார் மாஸ்டர்.

ஒரு பந்து உயரத்தில் வந்தது. பையன் எழும்பி முட்டினான். கண்ணை மூடித்தான் முட்டினான். ஆனாலும் பந்து வெளியே போனது. விழுந்ததில் முழங்கால் கிழிந்தது. எழுந்து, மண்ணைத் தட்டி, எல்லைக் கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு கணம் பார்த்தான். உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

“அவன் ஏன் இங்க பாக்கான்?” என்றான் ஆன்றோ.

“யாரையோ தேடுறான் போல. நமக்கென்ன?”

ஆட்டம் அந்த ஒரே கோலோடு முடிந்தது. சுபினைத் தோளில் தூக்கிக்கொண்டு ஒரு கூட்டம் சுற்றி வந்தது.

மாஸ்டர் மடியில் இருந்த கடலைத் தோலை உதறினார்.

“போ. ரெண்டு பேர்கிட்டயும் பேசிட்டு வா. மூத்தவன்கிட்ட முதல்ல போ.”

“மூத்தவன் யாரு மாஸ்டர்?”

“கோல் அடிச்சவன். அவனைத்தானே நீ முதல்ல பெத்த?”

சுபின் தோளிலிருந்து இறங்கியிருந்தான். ஆன்றோ அவன் தலையில் கை வைத்தான்.

“நல்ல கோல் மக்களே. ஆனா போனா திரும்பி வரணும். உன் பின்னால நிக்கவன் பாவம், ஓடியே செத்தான்.”

சுபின் பல் தெரியச் சிரித்தான்.

“அங்க இருந்து கத்தினது நீங்களா சார்? ஒரு நிமிஷம் எங்க அப்பான்னு நெனச்சுட்டேன்.”

“அப்பா வந்திருக்காரா?”

“குவைத்துல இருக்காரு சார். அதான் தேடிப் பாத்துட்டு, நமக்கு என்ன பைத்தியமான்னு நெனச்சேன்.”

ஆன்றோ அவன் முடியைக் கலைத்துவிட்டு நகர்ந்தான்.

ஜெரின் தனியாக உட்கார்ந்து, பூட்ஸ் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தான். ஆன்றோ அவன் முன்னால் குந்தினான்.

“தம்பி, நீ எந்த ஊரு?”

ஜெரின் நிமிர்ந்தான்.

“வெயிலு தலைக்கு ஏறிட்டாப்பா உங்களுக்கு?”

“கேட்டதுக்குச் சொல்லு. ஓரத்தை அடைச்சு நிக்க உனக்கு யாரு சொல்லித் தந்தது?”

ஜெரின் கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“யாரும் சொல்லித் தரல. சின்னப்புள்ளையா இருக்கும்போது கோயில் திருவிழா மேட்ச்ல ஒருத்தர் ஆடுவாரு. கொடிக்கம்பத்துக்குக் கீழ இருந்து பாப்பேன்.”

“அவர்கிட்ட கேக்க வேண்டியதுதானே?”

“கேக்கலாம். அவருக்கு நான் ஆடுறது பிடிக்காதுன்னு நெனச்சேன்.”

ஆன்றோ தன் கைக்குட்டையை எடுத்து அந்த முழங்காலில் கட்டினான். முடிச்சு சரியாக விழவில்லை. ஜெரின்தான் இழுத்துக் கட்டினான்.

திரும்பி வந்தபோது மாஸ்டர் எழுந்து குடையை மடித்துக்கொண்டிருந்தார்.

“எந்த ஊராம்?”

“நம்ம ஊருதான் மாஸ்டர்.”

“ம்.”

“நான் என்ன செய்ய? அவன் அவ்வளவு பெரிய கோல் அடிச்சிருக்கான். ஊரே அவனைத் தூக்கிட்டு நிக்கு. இப்போ போயி...”

“எனக்குப் பஸ் வந்துரும்” என்றார் மாஸ்டர்.

போய்விட்டார்.

மேடையில் அறிவிப்பு தொடங்கியது. ஒவ்வொரு பெயரையும் தகப்பன் பெயரோடு சேர்த்து, இன்னார் மகன் இன்னார் என்றே சொன்னார்கள். பத்துப் பெயர்களும் ஆயின. ஒவ்வொன்றுக்கும் விசில் பறந்தது. கூட்டம் இப்போதே சுபின் பெயரைக் கத்திக்கொண்டிருந்தது.

உடனிருந்த தேர்வாளர் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு, “சுபின்தானே? சொல்லிட்டு இறங்கு, நேரமாச்சு” என்றார்.

ஆன்றோ மைக்கை வாங்கினான்.

“லெஃப்ட் பேக்” என்றான். “ஆன்றோ மகன் ஜெரின்.”