நுரை பொங்கிய இடம்

தேனி பைபாஸில் ஒரு கார் சர்வீஸ் சென்டர். அங்கே வண்டி கழுவுகிறவள் பவுனுத்தாய். சர்வீஸ் முடிந்து போன டாக்டர் வசுமதியின் டர்போ கார் மறுநாளே திரும்பி வந்தது. டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிகிறது, எஞ்சினில் சக்தியில்லை, மேடு ஏற மறுக்கிறது.

மேனேஜர் ஞானப்பிரகாசம் பானெட்டைக்கூடத் திறக்கவில்லை. "இவ தண்ணியை அடிச்சு டர்போவைக் கெடுத்துட்டா மேடம். இன்னையோட நிறுத்திடறேன்."

இந்த வேலையை நம்பித்தான் பவுனுத்தாய் மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்திருந்தாள்.

"போறதுக்கு முன்னாடி இன்னொரு தடவை கழுவிடறேன் சார். கெட்டுப்போன டர்போதானே, இனி என்ன கெடப்போகுது?"

"கழுவு. எல்லாரும் பார்க்கட்டும்."

அவள் தண்ணீரைத் தொடவில்லை. காற்றை அழுத்தி அனுப்பும் டர்போவிலிருந்து எஞ்சினுக்குப் போகும் குழாய் முழுக்கச் சோப்பு நுரையைத் தடவினாள்.

"டாக்டரம்மா, ஆக்சிலேட்டரை மிதிங்க."

எஞ்சின் உறுமியது. ஒன்றும் நடக்கவில்லை. மேனேஜர் சிரித்தார்.

"இன்னும் கொஞ்சம் மிதிங்கம்மா."

குழாயின் ஒரு மூட்டில் மட்டும் நுரை குமிழ் குமிழாகப் பொங்கியது. எஞ்சினுக்குப் போகவேண்டிய காற்று அங்கே கசிந்துகொண்டிருந்தது. மூட்டை இறுக்கும் கிளாம்ப் தளர்ந்து கிடந்தது.

"பாருங்க மேடம், இவ தண்ணி அடிச்ச வேகத்துல கழண்டிருக்கு."

"இருக்கும் சார். ஆனா கிளாம்ப்புல இருக்கறது ஸ்க்ரூ, திருகினாத்தான் கழலும். தண்ணி எந்தப் பக்கமாத் திருகும்னு நீங்கதான் சொல்லணும்."

டாக்டர் சர்வீஸ் அட்டையைப் புரட்டினார். குழாயைக் கழற்றி மாட்டியவர் என்ற இடத்தில் ஞானப்பிரகாசத்தின் கையெழுத்து இருந்தது.

"ஸ்க்ரூ டிரைவரை எடுங்க சார்," என்றார் டாக்டர். "சரியா இறுக்கியிருக்கான்னு பவுனுத்தாய் பார்த்துச் சொல்லட்டும்."