எந்தக் கார்டு ஒசத்தி?

கேளுங்க, கும்பகோணத்துல தணிகாசலம்னு ஒரு புடவைக்கடை மொதலாளி. அவங்கப்பா காலத்துல கடைக்கே ஒரு ஃபேன்தான், அதுவும் கல்லாவுக்கு மேல. சரி, அந்தக் கதை இப்ப எதுக்கு!

அந்தக் கடையில புடவை எடுத்துப் போடுற பொண்ணு செண்பகவல்லி. புருஷன் டெல்லியில பட்டாளத்துல இருக்கான். அவனைப் பாத்து ரொம்ப மாசமாச்சேன்னு லீவு கேட்டு நின்னா.

கல்யாணப் புடவை எடுக்க வந்த கூட்டத்துக்கு முன்னாடி மொதலாளி ரெண்டு கிரெடிட் கார்டை நீட்டினாரு.

"இது வாங்கின உடனே போனஸ் பாயிண்ட்டை அள்ளிக் குடுக்கும், ஆனா மூணு மாசத்துல லட்சக்கணக்குல செலவு பண்ணணும். இது கொஞ்சமாத்தான் குடுக்கும், ஆனா எந்த ஏரோப்ளேனுக்கும் செல்லும். பாயிண்ட்டைக் குடுத்தா ரெண்டுலயும் எனக்கு ஏரோப்ளேன் டிக்கெட் ஓசி! எது ஒசத்தின்னு சரியாச் சொல்லு, லீவு தரேன். தப்பாச் சொன்னா தீபாவளி வரைக்கும் லீவுன்னு வாயே தொறக்கக் கூடாது."

இவ எதைச் சொன்னாலும் அவரு மத்ததைத்தான் ஒசத்தின்னுவாரு. அது அவளுக்குத் தெரியாதா?

"மொதலாளி, தோள்ல போட்டுப் பாக்காம எந்தப் புடவையையும் நல்லாருக்குன்னு சொல்லக் கூடாதுன்னு நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க? ஒரு கார்டுல டெல்லிக்குப் போறேன், இன்னொண்ணுல திரும்பி வரேன். அப்புறம் சொல்றேன்."

கூட்டம் கொல்லுன்னு சிரிச்சுது. "உங்களுக்குத்தான் ஓசியாச்சே, அனுப்புங்க"ன்னா கல்யாணப் பொண்ணோட அத்தை. ஓசின்னு பீத்திக்கிட்ட வாயால முடியாதுன்னு எப்படிச் சொல்லுவாரு? அனுப்பி வச்சாரு.

திரும்பி வந்ததும், "எதும்மா ஒசத்தி?"ன்னு கேட்டாரு.

"போன கார்டுதான் மொதலாளி. வந்த கார்டு எங்களைப் பிரிச்சுருச்சே!"