மேற்குச் சுவர்ப் பலகை

"எம் மக வந்து அழுதுட்டுப் போறா. எனக்கு ஒரு சொட்டுத் தண்ணி வரல. இன்னுமா அம்மா எனக்குக் காவி தரக்கூடாது?"

தவமணி அம்மை சூளைச் சாம்பலை வாரிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

கேட்ட சாத்தையாவுக்கு அறுபது தாண்டிவிட்டது. அம்மை அவரைவிட வயதில் சின்னவர். ஆனாலும் அந்த மலை மடத்துக்கு அவர்தான் குரு.

சாத்தையா தேயிலை ஃபேக்டரியில் வேலை பார்த்தவர். ஒரு ஆடி மாத மழையில், அவர் வேலைக்குப் போயிருந்த நேரம், மலை சரிந்து தோட்டத் தொழிலாளர்களின் லயன் வீடுகளை மூடியது. மகன் உடல் கிடைத்தது. மனைவி உடல் கிடைக்கவே இல்லை. மகள் பேச்சி கல்யாணமாகிக் கீழே ஊரில் இருந்ததால் மிஞ்சினாள்.

கருமாதி முடிந்த கையோடு அவர் மடத்துக்கு வந்தார். அதற்கப்புறம் அவர் அழுது யாரும் பார்த்ததில்லை.

"பேச்சி என்ன கேட்டா?" என்றார் அம்மை.

"கூட வந்து நாலு நாள் இருங்கப்பான்னா. அம்மாவப் பத்திப் பேச உங்கள விட்டா எனக்கு யாரு இருக்கான்னா."

"நீங்க?"

"போனது போச்சு, எல்லாம் மண்ணுதான்னேன். நீங்க சொல்றதத்தான் சொன்னேன்."

"நான் எப்பச் சொன்னேன்?"

சாத்தையா தோள் துண்டை எடுத்து உதறி மறுபடி போட்டுக்கொண்டார்.

"அப்புறம்?"

"எந் தோள்ல சாஞ்சா. நான் அசையாம நின்னேன். கொஞ்ச நேரத்துல அவளே விலகிட்டா."

அம்மை கையைத் தட்டிக்கொண்டு எழுந்தார்.

"சுத்தியலும் ஆணியும் எடுத்துக்கிட்டு வாங்க."

மழை தூறிக்கொண்டிருந்தது. அந்த மலையில் அது நிற்பதே அபூர்வம். அடிக்கிற சாரலெல்லாம் மடத்தின் மேற்குச் சுவரில்தான் விழும். பலகைச் சுவர். முன்பெல்லாம் வருஷா வருஷம் உளுத்துக் கொட்டும். அதனால்தான் பலகைகளைச் சுட ஆரம்பித்தார்கள். இரும்புப் பெட்டியில் அடைத்து, காற்றுப் புகாமல் மூடி, நெருப்பு மரத்தில் படாதபடி வெளியே தீ மூட்டி வேக வைப்பார்கள். உள்ளே போன வெளிறிய பலகை, காப்பிக்கொட்டை நிறத்தில், எடை குறைந்து வெளியே வரும்.

சூளை சாத்தையாவின் பொறுப்பு. சுவரில் பொருத்துவது எப்போதும் அம்மைதான்.

சுவரோரம் சுடாத பழைய பலகை ஒன்று கிடந்தது. அம்மை அதில் விரலை வைத்து அழுத்தினார். பஞ்சுபோல உள்ளே போயிற்று.

பக்கத்தில் சுட்ட பலகை. வெயிலும் மழையும் பட்டு நரைத்திருந்தது. தட்டினால் கணீரென்றது.

சாத்தையாவுக்கு மனம் நிறைந்தது.

"பாத்தீங்களா அம்மா. நானும் இதுமாதிரிதான். வெந்து வந்தவன். இனி எந்த மழையும் என்ன ஒண்ணும் பண்ணாது."

"இது ஏன் உளுத்துப் போகல?"

"பூஞ்சை திங்கிறதெல்லாம் சூளையிலயே வெந்து போச்சு. திங்க உள்ள ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லையா?"

"ஒண்ணுமில்ல."

சொன்ன பிறகுதான் அந்தச் சொல் அவர் காதில் விழுந்தது.

அம்மை புதிதாகச் சுட்ட பலகை ஒன்றைச் சுவரில் வைத்துப் பிடித்தார்.

"அடிங்க."

சாத்தையா ஆணியை வைத்து ஓங்கி அடித்தார். சடக். பலகை மேலிருந்து கீழாகப் பிளந்தது.

"இன்னொண்ணு."

இந்தத் தடவை பார்த்து, மெல்ல அடித்தார். அதுவும் பிளந்தது.

சாத்தையா இரண்டு துண்டுகளையும் கையில் வைத்துக்கொண்டு நின்றார். மழைத்தண்ணீர் அவற்றில் ஊறாமல் முத்து முத்தாக உருண்டு ஓடியது.

"சுடாத மரம் ஆணிய வாங்கிக்குமே, அம்மா."

"வாங்கிக்கும்."

"அப்ப இத எங்கயுமே சேக்க முடியாதா?"

அம்மை இடுப்புப் பையிலிருந்து கையால் சுற்றும் துளைக்கருவியை எடுத்தார். மூன்றாவது பலகையில் முனையை வைத்துச் சுற்றினார். பழுப்புத் தூள் சன்னமாக உதிர்ந்தது. நேரம் பிடித்தது. துளை மறுபக்கம் வந்ததும் அதில் திருகாணியை வைத்து முடுக்கினார்.

பலகை பிளக்கவில்லை. சுவரோடு நின்றது.

சாத்தையா அந்தத் துளையிலிருந்து விழுந்த தூளையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் காய்ந்தே கிடந்தது.

"காவிய எப்ப வந்து வாங்கிக்கட்டும்?" என்றார், கடைசியில்.

"பேச்சி ஊருக்குக் கீழ போற பஸ் இன்னும் வரல," என்றார் அம்மை.

அவர் பஸ் இறங்கிப் போனபோது பேச்சியின் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. தட்டினார். திறந்தவள் அவரை உள்ளே கூப்பிடவில்லை. கண் வீங்கியிருந்தது.

"எதுக்கு வந்தீங்க? எல்லாம் மண்ணுன்னீங்க."

சாத்தையா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். சொல்லத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். மலை சரிந்த நாளுக்கப்புறம் அவர் யாரிடமும் அதைச் சொன்னதில்லை.

"அன்னைக்குக் காலையில," என்று தொடங்கினார். "உங்கம்மா தோசை சுட்டா. ஓரம் முறுகலா இருந்தாத்தான் எம் பேச்சி தின்பான்னு... நீ அங்க இல்லவே இல்ல. ஆனாலும் சொல்லிக்கிட்டே..."

என்னவோ உள்ளே உடைந்ததுபோல் அவர் வாசற்படியிலேயே சரிந்து உட்கார்ந்தார்.

பேச்சி நின்றபடியே பார்த்தாள். பிறகு அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"மெதுவாச் சொல்லுங்கப்பா," என்றாள்.