பதினேழாம் எண்

அந்த மருத்துவக் கல்லூரியின் குழந்தைகள் நலத் துறையில் ஒரு வழக்கம் இருந்தது. மாணவர் யார் கட்டுரை எழுதினாலும், அதை மருத்துவ இதழுக்கு அனுப்பும் நாளில் பேராசிரியர் ஹமீதாவின் முன் போய் உட்கார வேண்டும். அவர் கட்டுரையைப் புரட்ட மாட்டார். கடைசிப் பக்கத்திலுள்ள மேற்கோள் பட்டியலிலிருந்து ஓர் எண்ணைச் சொல்வார். அந்த எண்ணில் இருப்பது என்ன கட்டுரை, அதில் என்ன இருக்கிறது என்று மாணவர் சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

இசக்கிராஜ் மேற்படிப்பின் கடைசி ஆண்டில் இருந்தான். பாம்பு கடித்து வந்த ஐம்பத்தேழு குழந்தைகளைப் பற்றி எழுதியிருந்தான். கட்டுரையை அனுப்பியதற்கான சான்று அன்று மாலை ஐந்து மணிக்குள் கைக்கு வராவிட்டால் தேர்வு எழுத முடியாது. ஆறு மாதம் போய்விடும். வீட்டில் பள்ளிப் படிப்பைத் தாண்டிய முதல் ஆள் அவன். ஆறு மாதம் ஏன் போனது என்பதை வீட்டில் விளங்கவைக்கவே ஆறு மாதம் ஆகும்.

"உட்காருப்பா. பட்டியல் முடிஞ்சதா?"

"முடிஞ்சது மேடம். முப்பத்திநாலு. இதழ் கேட்ட மாதிரியே இருக்கு. ஆறு பேருக்கு மேல எழுதியிருந்தா 'மற்றும் பலர்'னு போட்டுட்டேன். அரைப்புள்ளி, முற்றுப்புள்ளி எல்லாம் சரி பார்த்துட்டேன்."

"அரைப்புள்ளிக்கு எத்தனை நாள் ஆச்சு?"

"மூணு நாள் மேடம்."

"கல்யாணப் பத்திரிகைக்குக்கூட இவ்வளவு பார்க்க மாட்டாங்க." அவர் சிரித்தார். "சரி. பதினேழு."

இசக்கி பட்டியலைப் பார்த்தான்.

"குழந்தைவேலுன்னு ஒரு டாக்டர் 1983இல எழுதினது மேடம். பாம்பு கடிச்ச குழந்தைக்குக் கண்ணிமை எவ்வளவு சீக்கிரம் தொங்குதோ, அவ்வளவு சீக்கிரம் மூச்சுத் திணறல் வரும்னு சொல்றார்."

"படிச்சியா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். கட்டுரையைப் பற்றி அவன் சொன்னதில் தவறும் இல்லை.

"இல்ல மேடம். மத்தவங்க கட்டுரையில இருந்து எடுத்துக்கிட்டேன். பதினோரு பேர் இதைப் போட்டிருக்காங்க."

ஹமீதா கோபப்படவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மணி பதினொன்று.

"லைப்ரரி திறந்துதான் இருக்கும்," என்றார்.

நூலகர் அந்தோணிசாமி இவனைப் பார்த்ததும், "வைஃபை பாஸ்வேர்டு மாறலையே டாக்டர்," என்றார்.

"பழைய இதழ்த் தொகுப்பு வேணும் சார். 1983."

அவர் எழுந்து நின்றார். "நிஜமாவா?"

பீரோ திறந்து, தூசு தட்டி, தடித்த ஒரு தொகுப்பு மேசைக்கு வந்தது. பட்டியலில் இருந்த பக்க எண் 412. தொகுப்பு 296ஆம் பக்கத்தோடு முடிந்தது.

"பின்னாடி கிழிஞ்சிருக்கா சார்?"

"பைண்டிங் பண்ணினது நான். அந்தப் பக்கம் இதுல பிறக்கவே இல்ல."

இசக்கி பொருளடக்கத்தில் விரலை வைத்துத் தேடினான். குழந்தைவேலுவின் பெயர் இருந்தது. பக்கம் 142.

மூன்றே பக்கம். ஒரு தாலுகா ஆஸ்பத்திரி, ஒரே ஒரு மருத்துவர், நான்கு மழைக்காலங்கள், நாற்பத்தொரு குழந்தைகள். ஒவ்வொரு குழந்தையின் அருகிலும் உட்கார்ந்து, இமை தொங்கிய நேரத்தைத் தன் கைக்கடிகாரத்தில் பார்த்துக் குறித்திருந்தார். கடைசிப் பத்தி இப்படி இருந்தது: 'இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளிடம் இந்த அடையாளத்தை நம்ப வேண்டாம். தூக்கமா, இமைத் தொய்வா என்று தெரியாமல் நானே இருமுறை தவறியிருக்கிறேன்.'

இசக்கி அதை மறுபடியும் படித்தான். அவனுடைய ஐம்பத்தேழு பேரில் ஒன்பது பேர் இரண்டு வயது ஆகாதவர்கள். அவர்களையும் சேர்த்துத்தான் முடிவு எழுதியிருந்தான்.

பிறகு மடிக்கணினியைத் திறந்து, அந்தப் பதினோரு கட்டுரைகளையும் ஆண்டு வாரியாக அடுக்கினான். எல்லாவற்றிலும் 412. முதலாவது 1998இல் வந்தது. எழுதியவர் ஹமீதா. அன்று அவரும் மாணவி. அவர் பார்த்தது எல்லாம் ஐந்து வயதுக்கு மேற்பட்ட குழந்தைகள். அவர் எழுதியதில் பிழை இல்லை. பக்க எண் மட்டும் இடம் மாறியிருந்தது. பின்னால் வந்த பத்துப் பேரும் அந்த எண்ணை அப்படியே எடுத்திருந்தார்கள். சிலர் கைக்குழந்தைகளுக்கும் அந்த அடையாளத்தைச் சொல்லியிருந்தார்கள்.

"பக்கம்தான் கிடைச்சிருச்சே, ஏன் முகம் இப்படி இருக்கு?" என்றார் அந்தோணிசாமி.

"தப்பா எழுதினது யாருன்னும் கிடைச்சிருச்சு சார்."

அவர் திரையை எட்டிப் பார்த்தார். பெயரைப் படித்தார்.

"அப்ப சாப்பிட்டுட்டுப் போங்க டாக்டர்."

அவன் சாப்பிடவில்லை.

ஹமீதா தன் அறையில் கேட்டுக்கொண்டிருந்தார். இசக்கி கடைசிப் பத்தியைச் சொன்னான். "ஒன்பது பேரைத் தனியா பிரிக்கணும் மேடம். முடிவு மாறும். இப்ப இருக்கிற அளவுக்குப் பெரிசா இருக்காது."

"மாறட்டும். வேற?"

"பக்கம் 142 மேடம். எல்லாரும் 412னு போட்டிருக்காங்க."

"எல்லாரும் எங்கிருந்து எடுத்தாங்க?"

இசக்கி கணினியை அவர் பக்கம் திருப்பி வைத்தான்.

அவர் திரையில் தன் பெயரைப் படித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"அப்ப இந்தத் தொகுப்பு இங்க கிடையாது. மதுரைக்குப் பஸ்ல போய்ப் படிச்சேன். பக்க எண்ணை ஒரு துண்டுச் சீட்டுல எழுதிக்கிட்டு வந்தேன். இருபத்தாறு வருஷமா அந்த மனுஷன் வீட்டுக்கு எல்லாருக்கும் தப்பா வழி சொல்லியிருக்கேன்."

"உங்க மேல என்ன மேடம் தப்பு? அவங்க போய்ப் பார்த்திருக்கணும்."

"அது அவங்க பாடு. நீ போய் ஒன்பது பேரைப் பிரி. மணி ரெண்டு."

அறையின் ஓரத்தில் கிடந்த மேசையில் உட்கார்ந்து அவன் அட்டவணையைத் திருத்தினான். முடிவைச் சின்னதாக்கினான். குழந்தைவேலுவின் எச்சரிக்கையைச் சேர்த்தான். பதினேழாம் எண்ணில் 142 என்று எழுதினான். எதிரே ஹமீதாவும் எதையோ தட்டச்சு செய்துகொண்டிருந்தார். இரண்டு முறை தேநீர் வந்து ஆறியது.

ஐந்துக்கு இருபது நிமிடம் இருக்கையில் இதழிலிருந்து சான்று வந்தது. இசக்கி நாற்காலியில் சாய்ந்து மூச்சுவிட்டான்.

"இங்க வா," என்றார் ஹமீதா. "நீதான் அரைப்புள்ளி வித்துவான் ஆச்சே. இதைப் பார்த்துக் கொடு."

அது, 1998இல் தன் கட்டுரையை வெளியிட்ட இதழுக்கு அவர் எழுதிய கடிதம். ஐந்தே வரி. தன் பட்டியலில் பக்க எண் தவறு என்றும், சரியான எண் இன்னதென்றும், அந்தப் பக்கத்தின் கடைசிப் பத்தியைக் குழந்தை மருத்துவர்கள் அவசியம் படிக்க வேண்டும் என்றும் இருந்தது. ஐந்தாவது வரி: 'இத்தவறைக் கண்டு எனக்குச் சொன்னவர் என் மாணவர் டாக்டர் ம. இசக்கிராஜ்.'

அரைப்புள்ளிகள் சரியாக இருந்தன. அவன் கடைசி வரியைக் காட்டினான்.

"இது வேண்டாம் மேடம். நீங்களே கண்டுபிடிச்சதா இருக்கட்டும். உங்களுக்கு அதுதான் மரியாதை."

ஹமீதா கண்ணாடியை மறுபடி போட்டுக்கொண்டார்.

"உன்கிட்ட இருந்துதானே எடுத்தேன்?" என்றார். "பேர் போடாம எப்படிப்பா அனுப்புறது?"