வெண்டைக்காய் முத்திரை

வெகுகாலத்துக்கு முன்னால் மாங்குளத்து நாட்டை வல்லவதேவன் என்ற அரசன் ஆண்டுகொண்டிருந்தான். தன் நிழல் பின்னால் வந்தாலும் "யாரது?" என்று கேட்கிற ஆள். அவன் கோட்டைக்குள் நுழையப் பெயர் எழுதிய ஓலை வேண்டும். அதில் களிமண்ணில் பதித்த ஐந்திதழ்ப் பூ முத்திரையும் வேண்டும். ஓலை ஒரு வருடம் செல்லும்.

ஒருநாள் திருடன் ஒருவன், செத்துப்போன எண்ணெய் வணிகரின் ஓலையைக் காட்டி அந்தப்புர வாசல்வரை வந்துவிட்டான். தாதி ஒருத்தி வணிகரை அறிந்தவள். அவள் கூச்சல் போட்டதால் திருடன் பிடிபட்டான்.

முத்திரை அதிகாரி கோளரிநாதர் முந்திக்கொண்டார். "ஓலை மூன்றே நாள் செல்லட்டும் அரசே! திருட்டு ஓலை அதற்குமேல் பயன்படாது." ஊரே இனித் தம் வாசலில் கைகட்டி நிற்குமே என்ற ஆசை அவர் முகத்தில் வழிந்தது.

அமைச்சர் இளநாகனார் எழுந்தார். "காலத்தைக் குறைப்பது நியாயம்தான். ஆனால் மூன்று நாள் ஆபத்து."

அரசனின் கண் சுருங்கியது. "ஏன் தடுக்கிறீர்? அந்தத் திருடன் உமக்கு உறவா?"

"பத்து நாள் கொடுங்கள், நிரூபிக்கிறேன். தவறினால் என் பதவியை எடுத்துக்கொள்ளுங்கள்."

"தலையையும் சேர்த்து!" என்றார் கோளரிநாதர். அரசன் தலையாட்டிவிட்டான்.

சட்டம் வந்தது. முத்திரைச் சாவடியில் விடிந்ததிலிருந்து வரிசை. காத்திருந்த பால்காரரின் குடத்தில் பால் திரிந்தது. வைத்தியர் வெளியே நின்றார், நோயாளி உள்ளே முனகினான். காவலர்களுக்கோ எந்நேரமும் புது ஓலைகள். பெயரைப் படிக்க யாருக்குப் பொறுமை? நகத்தால் களிமண்ணைக் கீறிப் பார்ப்பார்கள். ஈரமாக இருந்தால், "போ, போ!"

பத்தாம் நாள் சபைக்குள் கூடையோடு ஒருத்தி நுழைந்தாள். "நான் பொம்மி, சாமி. சந்தையில காய் விக்கிறவ. அமைச்சரய்யா இந்த ஓலையைக் குடுத்து வரச் சொன்னாரு."

அரசன் வாங்கிப் படித்தான். "வல்லவதேவன்... அடியே, இது என் பெயர்!"

"ஆமாங்க. நாலு காவல் தாண்டினேன். ஒருத்தரும் படிக்கல."

"முத்திரை எப்படிக் கிடைத்தது?"

பொம்மி கூடையிலிருந்து ஒரு வெண்டைக்காயை எடுத்துக் குறுக்கே நறுக்கிக் களிமண்ணில் அழுத்தினாள். ஐந்து இதழ் அழகாக விழுந்தது.

"காவலர்கள் சோம்பேறிகள்!" என்று கத்தினார் கோளரிநாதர்.

"ஓய்வில்லாமல் புது ஓலை நீட்டினால் எவன் படிப்பான்?" என்றார் இளநாகனார். "ஒரு வருடம் செல்லும் ஓலையும் திருடனுக்கு வசதி, மூன்று நாள் ஓலையும் திருடனுக்கு வசதி. ஓலை ஒரு மாதம் செல்லட்டும் அரசே. பூ முத்திரையையும் மாற்றுங்கள். முத்திரைக்காரர் வீடு தேடிப் போய் மாற்றித் தரட்டும். காவலர் பெயரைப் படிக்கட்டும்."

அரசன் ஒப்புக்கொண்டான். பொம்மிக்குப் பட்டுப்புடவை கிடைத்தது. களிமண் சட்டியைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாக அலையும் வேலை கோளரிநாதருக்குக் கிடைத்தது.

"இளநாகனாரே, இனி உம்மைச் சந்தேகப்பட மாட்டேன்" என்றான் அரசன்.

"அது வேண்டாம் அரசே. என் ஓலையையும் மாதம் ஒருமுறை படித்துப் பாருங்கள்."

அரசன் அங்கேயே அதைக் கேட்டு வாங்கினான். பெயரை இரண்டு முறை படித்துவிட்டுத்தான் திருப்பிக் கொடுத்தான்.