நாலாவது சிலிண்டர்

"இந்தத் தடவையும் நாலாவது சிலிண்டர்தாங்க போச்சு."

நஞ்சப்பன் துணியில் சுற்றிக் கொண்டுவந்த பிஸ்டனை மேசைமேல் வைத்தார். அதன் தலையில் ஓட்டை விழுந்திருந்தது. ஓரமெல்லாம் மெழுகு மாதிரி உருகி வழிந்திருந்தது.

ஷமீமா அதைக் கையில் எடுக்கவில்லை. பார்த்தார், அவ்வளவுதான்.

போத்தனூரில் பந்தயக் கார்களுக்கு என்ஜின் கட்டித் தருகிறவர் ஷமீமா. வயது முப்பத்திரண்டு. நஞ்சப்பனுக்கு ஐம்பத்து நான்கு. லாரிப் பட்டறையில் காலமெல்லாம் கழித்தவர், பந்தய என்ஜின் வேலையைக் கற்றுக்கொள்ள ஆறு மாதமாக ஷமீமாவிடம் வந்துகொண்டிருந்தார். பழைய கார் ஒன்றை வாங்கி, அதன் நாலு சிலிண்டர் என்ஜினைப் பிரித்துப் பந்தயத்துக்குத் தோதாகத் தானே கட்டியிருந்தார்.

"பிஸ்டன்தாங்க அம்மிணி சரியில்லை. மூணு தடவை மூணு கம்பெனி மாத்திப் பார்த்துட்டேன்."

"தரணி எப்படியிருக்கார்?"

நஞ்சப்பன் குனிந்துகொண்டார். தரணி அவருடைய தங்கை மகன். காரை ஓட்டுகிறவன். போன பந்தயத்தில், வளைவில் திரும்பும்போது என்ஜின் இறுகி நின்றுவிட்டது. கார் சுழன்று போய்ச் சுவரில் மோதியது. தோளில் எலும்பு முறிந்து, இப்போதுதான் கட்டுப் பிரித்திருந்தார்கள்.

"நல்லாயிருக்கான். 'மாமா, நீங்க சரின்னா நான் ஏறுறேன்'ங்கறான்."

"சரின்னீங்களா?"

"சொல்ல வாய் வரலைங்க."

ஷமீமா பிஸ்டனின் ஓட்டையை மறுபடி பார்த்தார்.

"சிலிண்டருக்கு மேல மூடியிருக்கற ஹெட்டுல காத்து போற வழியைத் தேய்ச்சுப் பெருசாக்கினது யாருங்ணா?"

"நானேதான். ஒண்ணுல ஆரம்பிச்சு வரிசையா."

"எது நல்லா வந்துச்சு?"

நஞ்சப்பன் முகம் மலர்ந்தது. "நாலாவது. அதுக்கு வர்றப்போ கை பழகிருச்சுங்க. அந்த மாதிரி வழவழன்னு ஒண்ணை நான் செஞ்சதே இல்லை."

"அந்த ஹெட்டைக் கொண்டு வாங்க."

மறுநாள் கொண்டுவந்தார். ஷமீமா அதைக் காற்றளக்கும் இயந்திரத்தில் பொருத்தினார். எவ்வளவு காற்று போகிறதோ அந்த அளவுக்குக் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் ஏறிக் காட்டும்.

முதல் மூன்று வழிகளிலும் தண்ணீர் ஏறக்குறைய ஒரே உயரம் வந்தது. நாலாவதில் இரண்டு விரற்கடை கூடுதலாக ஏறி நின்றது.

"பாருங்க அம்மிணி. இதுல ஒரு குறை சொல்ல முடியுங்களா?"

ஷமீமா இயந்திரத்தை நிறுத்தினார்.

"நாலுக்கும் பெட்ரோல் எப்படிப் போகுது?"

"ஒரே அளவுதாங்க. அதுல வித்தியாசமே…"

நஞ்சப்பன் பாதியில் நிறுத்திவிட்டார். காற்று அதிகம், பெட்ரோல் அதே அளவு. காற்றுக்கு ஈடாகப் பெட்ரோல் இல்லாமல்தான் அந்த ஒன்றில் மட்டும் சூடு ஏறிப் பிஸ்டன் உருகியிருக்கிறது. மூன்று பிஸ்டனை மாற்றியவர், அதற்கு மேலே இருந்த தன் கைவேலையை ஒரு தடவைகூடச் சந்தேகப்பட்டதில்லை.

நாலாவது வழியை விரலால் தடவியபடி கேட்டார். "நாலாவதுக்கு மட்டும் பெட்ரோலைக் கூட்டிரலாங்களா?"

"கூட்டலாம். மத்த மூணும் அதோட சேர்ந்து இழுக்குமா?"

நஞ்சப்பன் பழைய ஹெட்டை இயந்திரத்திலிருந்து கழற்றினார்.

ஷமீமா அலமாரியிலிருந்து கைபடாத ஹெட் ஒன்றை எடுத்து அவர்முன் வைத்தார். எப்படித் தேய்க்க வேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"பந்தயத்துக்கு ஒன்பது நாள் இருக்குங்ணா."

ஆறாம் நாள் நஞ்சப்பன் வந்தார். கண் சிவந்திருந்தது. விரல் நுனிகளில் அலுமினியத் தூள் ஒட்டியிருந்தது.

ஷமீமா ஒவ்வொரு வழியாக அளந்தார். நாலிலும் தண்ணீர் ஒரே கோட்டில் வந்து நின்றது.

"பழைய நாலாவது அளவுக்கு வரலைங்க," என்றார் நஞ்சப்பன். குரலில் வருத்தம் இருந்தது.

"வராதா?"

"இதுலயும் நாலாவதைத்தான் கடைசியாத் தேய்ச்சேன். இன்னும் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தா அது வந்திருக்கும். கை கேட்டுட்டே இருந்துச்சு."

"என்ன பண்ணீங்க?"

"தேய்க்கிற மிஷினை அணைச்சுட்டு டீ குடிக்கப் போயிட்டேன்."

ஷமீமா போனை எடுத்து அவர் பக்கம் நகர்த்தினார்.

"தரணியைக் கூப்பிடுங்க."